கொடைக்கானல்ல டைம்ஷேர் வாங்கப் போறீங்களா, முதல்ல அந்தக் கட்டடத்தோட பேப்பரைப் பாருங்க

மதுரையில வெயில் ஏற ஆரம்பிச்ச உடனே இந்த போன் கால் வர ஆரம்பிச்சிரும். மால்லயோ பெட்ரோல் பங்க்லயோ எக்ஸிபிஷன்லயோ ஏதாவது ஒரு கூப்பன்ல பேரும் நம்பரும் எழுதிப் போட்டிருப்பீங்க, அதுல உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, ஞாயித்துக்கிழமை புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கங்கன்னு சொல்வாய்ங்க, போனா ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு, கொடைக்கானல்ல வருசத்துக்கு 7 நாள் உங்களுக்குன்னே ரூம், 25 வருசத்துக்குக் கவலையில்ல, இன்னைக்கே கையெழுத்துப் போட்டா பாதி விலைன்னு பேசுவாய்ங்க. நல்லா பேசுவாய்ங்க, பிள்ளைகளும் பக்கத்துல உக்காந்து போட்டோவைப் பாத்து ஆசைப்படும், கார்டைத் தேய்ச்சுட்டு வந்துர்றோம்.

நான் பத்திரம் எழுதுற ஆபீஸ்ல வேலை பாக்குறதால இந்த அக்ரிமெண்டைத் தூக்கிட்டு வந்து கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு கேக்குற சொந்தக்காரங்க, தெருக்காரங்க ஜாஸ்தி. எல்லாரும் கேக்குறது விலை சரியா, மே மாசம் ரூம் கிடைக்குமா, பின்னாடி விக்க முடியுமான்னுதான். அந்தக் கட்டடம் லாட்ஜா நடத்த அனுமதி வாங்குன கட்டடமான்னு யாரும் கேக்குறதில்ல. கொடைக்கானலைப் பொறுத்தவரைக்கும் அதுதான் முதல் கேள்வி, ஏன்னா விலை கொஞ்சம் கூடப் போனா கொஞ்சப் பணம்தான் நட்டம், கட்டடத்துக்கு சீல் விழுந்தா நீங்க வாங்குன 25 வருசமும் கதவுக்கு வெளியதான் நிக்கணும்.

இது சும்மா பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. ப்ளெசன்ட் ஸ்டே ஹோட்டல் கேஸு நம்ம வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிட்டு ஏழு தளம் கட்டுனாங்க, அப்பறம் அரசாங்கமே விலக்கு குடுத்து ஆர்டர் போட்டுச்சு, பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, ஐகோர்ட் அந்த விலக்கு ஆர்டரையே ரத்து பண்ணுச்சு, 1995ல சுப்ரீம் கோர்ட்டும் கூடுதல் மாடிகளை இடிக்கணும்னு சொல்லிருச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கையில அரசாங்க ஆர்டரே இருந்தும் கட்டடம் தப்பிக்கல. அதுக்கப்பறம் 2019 வாக்குல நம்ம ஒத்தக்கடைப் பக்கம் இருக்க ஐகோர்ட் கிளை போட்ட உத்தரவுல கொடைக்கானல்ல விதிமீறுன விடுதி, காட்டேஜ்னு ஏகப்பட்ட கட்டடத்துக்கு நகராட்சி சீல் வச்சுச்சு. அந்த சமயத்துல ரூம் புக் பண்ணிட்டு மேல போனவங்களுக்குத் தெரியும் அது எப்படி இருந்துச்சுன்னு.

சரி, எப்படி விசாரிக்கிறது, ஒன்னொன்னா வர்றேன்.

முதல்ல நீங்க வாங்குறது என்னன்னு தெரிஞ்சுக்கங்க

டைம்ஷேர்ங்கிற ஒரே பேர்ல நம்மூர்ல மூணு விதமா விக்கிறாங்க. ஒன்னு மெம்பர்ஷிப். 10 வருசமோ 25 வருசமோ, வருசத்துக்கு இத்தனை நாள், இல்லன்னா இத்தனை பாயிண்ட், தங்குற உரிமை மட்டும்தான், நெலத்துலயோ கட்டடத்துலயோ உங்களுக்கு ஒரு அடி கூட கிடையாது. பெரிய கம்பெனிங்க எல்லாம் பெரும்பாலும் இந்த வழிதான். ரெண்டாவது, ஒரு காட்டேஜை 8 பேரு 12 பேருக்குப் பங்கு போட்டு, பிரிபடாத பாகமா பத்திரம் பண்ணிக் குடுக்கிறது, இதுல உங்க பேரு சப் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஏறும். மூணாவது, தங்குனாலும் தங்கலாம், தங்காட்டி அத்தனை வருசம் கழிச்சு பணத்தைக் கூட்டித் தர்றோம்னு சொல்றது. இந்த மூணாவதைப் பத்தி கடைசியில சொல்றேன், இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இந்தியாவுல டைம்ஷேருக்குன்னு தனியா ஒரு சட்டம் கிடையாது. அதனால விக்கிறவங்க ‘எங்களுக்கு கவர்மெண்ட் அப்ரூவல் இருக்கு’ன்னு சொன்னா எந்த கவர்மெண்ட், எந்த ஆபீஸ், எந்த அப்ரூவல்னு கேளுங்க. கம்பெனி ரிஜிஸ்டர் ஆகியிருக்குறதும் ஜிஎஸ்டி நம்பர் இருக்குறதும் கட்டட அனுமதி ஆயிராது. டைம்ஷேருக்குத் தனிச் சட்டம் இல்லாததால நம்மளைக் காப்பாத்துற சட்டம் ரெண்டு இடத்துலதான் இருக்கு, ஒன்னு கட்டடத்தைக் கட்டுப்படுத்துற உள்ளூர் விதி, இன்னொன்னு நுகர்வோர் சட்டம். ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும்.

இடம் எந்த ஆளுகையில வருது

விளம்பரத்துல எல்லாமே கொடைக்கானல்தான். பெருமாள்மலையும் கொடைக்கானல், பண்ணைக்காடும் கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் எல்லாமே கொடைக்கானல்னுதான் போடுவாங்க. ஆனா கொடைக்கானல் நகராட்சி வேற, பக்கத்துல இருக்க வில்பட்டி ஊராட்சி வேற, பண்ணைக்காடு பேரூராட்சி வேற. எந்த ஆபீஸ்ல போய் விசாரிக்கணும்ங்கிறது இதை வச்சுத்தான் இருக்கு. அதனால முதல் வேலையா விக்கிறவங்ககிட்ட சர்வே நம்பர், கிராமத்துப் பேரு, கட்டடத்தோட சொத்து வரி எண் இந்த மூணையும் எழுதி வாங்குங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னா, அல்லது ‘அதெல்லாம் எதுக்கு சார் மெம்பருக்கு’ன்னு சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க, மேல படிக்க வேண்டிய அவசியமே இல்ல.

சர்வே நம்பர் கிடைச்சா பட்டாவையும், நெலம் எந்த வகைன்னு சொல்ற அ-பதிவேட்டையும் தமிழ்நாடு இ-சர்வீஸ் தளத்துல வீட்ல இருந்தே பாக்கலாம். மலைமேல நெலம்னா இதுல ரொம்ப உன்னிப்பா இருக்கணும், நிபந்தனையோட அரசாங்கம் ஒப்படை பண்ண நெலம் இருக்கும், பஞ்சமி நெலம் இருக்கும், விவசாயத்துக்குன்னு குடுத்ததுல காட்டேஜ் நிக்கும். கொடைக்கானலைச் சுத்தி 2013ல வனவிலங்கு சரணாலயமும் அறிவிச்சாச்சு, காட்டு எல்லையை ஒட்டுன நெலம்னா வனத்துறை என்ன சொல்லுதுன்னும் கேக்கணும். மலைப்பகுதியில மரம் வெட்டவும் தனி அனுமதி வேணும், அதுக்கு 1955லயே சட்டம் இருக்கு. ‘பால்கனி வியூவுக்காக மரத்தை எடுத்துர்றோம் சார்’னு ஒருத்தர் ஈஸியாச் சொன்னார்னா மத்த அனுமதியையும் அவர் எப்படி வாங்கியிருப்பார்னு யோசிச்சுக்கங்க.

ஊராட்சிப் பகுதின்னா இன்னொரு விசயம். ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு பிளானைக் காட்டி இதுதான் அப்ரூவல்னு சொல்லுவாங்க. மலைக் கிராமங்களுக்கு அது மட்டும் பத்தாது. 1990லயே மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்னு ஒன்னு வச்சாங்க, ஹாக்கான்னு சொல்லுவாங்க, அந்தப் பட்டியல்ல வர்ற கிராமம்னா அவங்க அனுமதி, நகர் ஊரமைப்புத் துறை அனுமதி, அதாவது டிடிசிபி, இதெல்லாம் பாக்கணும். ஆபீஸ் திண்டுக்கல்லுல இருக்கு, மாவட்டத் தலைநகர் அதுதானே.

பிளானைப் பாருங்க, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க

அனுமதி நம்பர் இருக்குன்னு சொல்றதோட விட்றாதீங்க, அனுமதி குடுத்த வரைபடத்தோட நகலைக் கேளுங்க. மூணே மூணு விசயம் பாத்தா போதும். எதுக்காக அனுமதி, எத்தனை தளம், எந்த வருசம்.

எதுக்காகங்கிறதுலதான் கொடைக்கானல்ல முக்காவாசி வில்லங்கமே. குடியிருப்புன்னு சொல்லி வீட்டுக்கு அனுமதி வாங்கிருவாங்க, கட்டி முடிச்சதும் எட்டு ரூமு, ரிசப்ஷன், போர்டு. வீடு கட்ட அனுமதி வாங்குன எடத்துல காசு வாங்கி ஆள் தங்க வைக்கிறது விதிமீறல்தான், கட்டடம் எவ்வளவு அழகா ஸ்ட்ராங்கா இருந்தாலும் சரி. தளம்னு பாத்தா மலைக்கு சமவெளி கணக்கு கிடையாது, கொடைக்கானலுக்கு 1993லயே தனியா மாஸ்டர் பிளான் வந்துச்சு, உயரத்தைக் கட்டுப்படுத்துற விதியும் அப்பவே இருக்கு. வரைபடத்துல ரெண்டு தளம் இருந்து நேர்ல பாக்கும்போது ரோட்டுல இருந்து ரெண்டு, பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பாத்தா நாலுன்னு தெரிஞ்சா அதுக்குப் பேரு சரிவைப் பயன்படுத்துறது இல்ல, கூடுதல் தளம்தான். நேர்ல போனா பின்பக்கம் இறங்கிப் பாருங்க, முன்பக்க போட்டோவை நம்பாதீங்க.

ஒரு சுலபமான வழி சொல்றேன், இதை யாரும் மறைக்க நினைக்க மாட்டாங்க, ஏன்னா இதுல ஒன்னும் இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. கரண்ட் பில்லைக் கேளுங்க. பில்லுல டாரிஃப்னு ஒரு இடம் இருக்கும், அதுல ஒன்-ஏன்னு இருந்தா அது வீட்டு இணைப்பு. லாட்ஜ் நடத்துற கட்டடத்துல வீட்டு இணைப்பு ஓடுதுன்னா நகராட்சிக் கணக்குலயும் அது வீடாத்தான் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதே மாதிரி சொத்து வரி ரசீதுல குடியிருப்பா வணிகமான்னு இருக்கும். ஆனா வணிக வரி கட்டுறதாலயே அனுமதி இருக்குன்னு அர்த்தம் கிடையாது, வரி வாங்குறவங்க இருக்க கட்டடத்துக்கு வரி வாங்குவாங்க, அது அனுமதி ஆகாது. வீடுன்னு இருந்தா கண்டிப்பா சந்தேகப்படுங்க, வணிகம்னு இருந்தா அடுத்த பேப்பரைக் கேளுங்க.

அடுத்த பேப்பர்னா நகராட்சியோட தொழில் உரிமம், தீயணைப்புத் துறை சான்று, சாப்பாடு போட்டா உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், கழிவுத் தண்ணி எங்க போகுதுங்கிறதுக்கு பதில். கடைசியா சொன்னதை யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. மலைமேல இருந்து எறங்குற தண்ணியைத்தான் கீழ இருக்க ஊருங்க குடிக்குது, பழனி மலைங்கிறது நம்ம வட்டாரத்துக்கே தண்ணி குடுக்குற மலை. நூறு ரூமு ரிசார்ட்டோட செப்டிக் டேங்க் ஓடையில நிக்கிதுன்னா அதுல நாம 25 வருசத்துக்கு மெம்பர் ஆகுறது எந்த வகையில சரி. உள்ளூர் விதிகளை நம்ம லீவைக் கெடுக்கிற தொல்லையாப் பாக்காம, அந்த ஊரு அந்த ஊராவே இருக்கணும்னா இதெல்லாம் இருந்தாத்தான் முடியும்னு நினைச்சுப் பாருங்க, கேள்வி கேக்குறதுக்கு கூச்சமே வராது.

குடுக்க மாட்டேங்கிறாங்களா, ஆர்டிஐ போடுங்க

பிளான் நகல் தர மாட்டேங்கிறாங்க, ஆனா உங்களுக்கு அந்த இடம் புடிச்சிருக்குன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. கொடைக்கானல் நகராட்சின்னா ‘பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம், கொடைக்கானல்’னு போட்டு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனா போதும், 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். மனுவுல கதை எழுதாதீங்க. இன்ன வரி எண், இன்ன சர்வே நம்பர்ல இருக்க கட்டடத்துக்குக் குடுத்த திட்ட அனுமதி, கட்டட அனுமதியோட நகல், எந்தப் பயன்பாட்டுக்குக் குடுத்ததுங்கிற விவரம், 1971ம் வருச நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுல நோட்டீஸ் ஏதாவது குடுத்திருந்தா அதோட நகல், கோர்ட் வழக்கு நிலுவையில இருந்தா வழக்கு எண், இவ்வளவுதான் கேக்கணும். அந்த 56, 57 முக்கியம், அனுமதி இல்லாத கட்டடத்தை அகத்தச் சொல்றதும் வேலையை நிறுத்தச் சொல்றதும் அந்தப் பிரிவுலதான் வரும். நோட்டீஸ் போறது ஓனருக்கும் அங்க இருக்கவங்களுக்கும்தான், மதுரையில உக்காந்திருக்க மெம்பருக்கு ஒருத்தரும் தபால் அனுப்ப மாட்டாங்க. நகராட்சி ஃபைல்ல உங்க பேரே இருக்காது. அதனால நாமளாக் கேட்டாத்தான் தெரியும்.

30 நாள் காத்திருந்தா ஆஃபர் போயிருமேன்னு நினைப்பீங்க. போகட்டும். அதே ஆஃபர் அடுத்த மாசம் வேற ஹோட்டல்ல நடக்கும்.

வில்லங்கம் போட்டுப் பாருங்க, மெம்பர்ஷிப்புக்கும்தான்

நெலம் வாங்குனாத்தான் வில்லங்கச் சான்று பாக்கணும்னு நினைக்கிறாங்க, தங்குற உரிமை வாங்குறவங்களும் பாக்கணும். பதிவுத்துறை தளத்துல சர்வே நம்பரைப் போட்டா வந்துரும். அதுல ரெண்டு விசயம் தேடுங்க. முதலாவது, அந்த ரிசார்ட் கம்பெனிக்குச் சொந்தமா, இல்ல குத்தகையா. ஒரு வருசத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு பண்ணியாகணும், அதனால வில்லங்கத்துல தெரியும். குத்தகை 9 வருசம்னு இருந்து உங்களுக்கு 25 வருசம் வித்திருந்தா மிச்ச 16 வருசம் எங்க தங்குறதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க. குத்தகைன்னா தப்புன்னு சொல்லல, பெரிய கம்பெனிங்ககூட குத்தகைக்கு எடுத்து நடத்துறது உண்டு, ஆனா வேற ஊர்ல மாத்து இடம் தருவோம்ங்கிற உறுதி எழுத்துல இருக்கணும். ரெண்டாவது, பேங்க்ல அடமானம் இருக்கான்னு பாருங்க. நம்மூர்ல பத்திரத்தைப் பேங்க்ல வச்சு கடன் வாங்குனா அந்த ஒப்பந்தமும் பதிவாகுது, அதுவும் இதுலயே தெரிஞ்சுரும். கடன் இருக்குறது குத்தமில்ல, கடன் கட்டாம போனா பேங்க் வந்து கட்டடத்தை எடுக்கும்போது உங்க 7 நாளுக்கு என்ன கதிங்கிறது அக்ரிமெண்ட்ல இருக்கான்னு பாத்துக்கணும்.

அக்ரிமெண்ட்ல எங்க விரலை வைக்கணும்

நாப்பது பக்கம் இருக்கும், பொடி எழுத்துல. முழுசாப் படிக்க முடியாதவங்க இந்த நாலு எடத்தையாவது தேடிப் படிங்க.

‘அரசு நடவடிக்கை’ அல்லது ‘தவிர்க்க முடியாத காரணம்’னு ஒரு பத்தி கண்டிப்பா இருக்கும். வெள்ளம், பூகம்பம், கலவரம்னு வரிசையாப் போட்டு அதோட ஒரு ஓரமா உள்ளாட்சி உத்தரவு, கோர்ட் உத்தரவையும் சேத்திருப்பாங்க, அப்படி ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பில்லன்னு முடிச்சிருப்பாங்க. பூகம்பம் யார் கையிலயும் இல்ல, ஒத்துக்கலாம். அனுமதி இல்லாம கட்டுனதுக்காக சீல் வைக்கிறது கம்பெனி கையில இருந்த விசயம்தானே, அது எப்படி தவிர்க்க முடியாத காரணம் ஆகும். ‘கட்டட அனுமதி, உரிமம் இல்லாததால மூடப்பட்டா மீதி வருசத்துக்கான பணத்தைத் திருப்பித் தருவோம்’னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. பெரிய கம்பெனிங்க அச்சடிச்ச ஃபாரத்தை மாத்த மாட்டாங்க, அப்ப மெயில்லயாவது எழுத்துல பதில் வாங்கி வைங்க. சேல்ஸ் பையன் வாயால சொன்னது எதுவும் நிக்காது, அக்ரிமெண்ட்லயே ‘வாய்மொழி வாக்குறுதி செல்லாது’ன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க.

அடுத்தது வருசாந்திர பராமரிப்புக் கட்டணம். போனாலும் போகாட்டியும் கட்டணும், வருசா வருசம் ஏறும், 18 சதவீதம் ஜிஎஸ்டி மேல. ஏற்றத்துக்கு உச்சவரம்பு இருக்கான்னு பாருங்க, ரிசார்ட் மூடியிருந்த வருசத்துக்கும் கட்டணுமான்னு பாருங்க. மூணாவது சீசன். கலர் கலரா பிரிச்சு வச்சிருப்பாங்க, ஏப்ரல் மே மாசமும் பள்ளிக்கூட லீவும் ஒசந்த கலர்ல இருக்கும், நீங்க வாங்குன மலிவான கலர்ல ஜூலை மாச மழையும் காத்தும்தான் கிடைக்கும். பிள்ளைங்க படிக்கிற வீடுன்னா அந்தக் கலர் எதுக்கு. நாலாவது, எத்தனை நாளுக்குள்ள வேண்டாம்னு சொன்னா முழுப்பணம் திரும்ப வரும்ங்கிறது. அந்த நாள் கணக்கைக் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க, வேண்டாம்னு தோணுனா போன்ல சொல்லாம மெயில் அனுப்புங்க, ரிஜிஸ்டர் தபாலும் அனுப்புங்க. போன்ல சொன்னா மேனேஜர் கூப்புடுவார், அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள நாள் ஓடிப் போயிரும்.

பங்குப் பத்திரம் பண்ற காட்டேஜ்

இப்ப இதுதான் ஜாஸ்தி ஓடுது, சில நேரம் கம்பெனி கூட இல்லாம நாலஞ்சு பிரண்ட்ஸ் சேந்தே பண்றாங்க. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வரும், சொத்து உங்க பேருக்கு வந்துரும், மெம்பர்ஷிப்பை விட நிம்மதின்னு தோணும். ஆனா ஒன்னு மறந்துராதீங்க, மெம்பரா இருந்தா விதிமீறலுக்குக் கம்பெனி பதில் சொல்லணும், பங்குதாரரா ஆகிட்டா நோட்டீஸே உங்க பேர்ல வரும். இடிப்புச் செலவும் உங்க தலையிலதான். அதனால மேல சொன்ன பிளான், ஹாக்கா, டிடிசிபி எல்லாத்தையும் ரெண்டு மடங்கு கவனமாப் பாக்கணும். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாத மனையை பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுப்படி பதிவே பண்ண முடியாது, அதைத் தாண்டுறதுக்குத்தான் பங்கு பங்காப் போடுறாங்களான்னும் பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேல நெலம், அல்லது 8 யூனிட்டுக்கு மேல கட்டி விக்கிறாங்கன்னா ரெரா பதிவு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு வேணும், தமிழ்நாடு ரெரா தளத்துல திட்டத்தோட பேரைப் போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்க.

பிரண்ட்ஸா சேந்து வாங்குறவங்க யாரு எந்த வாரம், ரிப்பேர் செலவு யாரு, ஒருத்தர் இறந்தா வாரிசுக்கு எப்படி, ஒருத்தர் விக்கணும்னா முதல்ல மத்தவங்களுக்குச் சொல்லணுமா, இதையெல்லாம் தனி ஒப்பந்தமா எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. முக்கியமா, நாம தங்காத வாரத்துல ஆப்ல போட்டு வாடகைக்கு விடலாமாங்கிறது. விட்டா அது விடுதி ஆயிரும், வீட்டு அனுமதி பத்தாது. ஒருத்தர் ஆசைப்பட்டு ஒரு வாரம் விட்டதுக்கு பன்னெண்டு பேருக்கும் சேத்து சீல் விழும்.

ரிட்டர்ன் தர்றோம்னு சொன்னா

தங்குற ரூமுக்குப் பணம் கட்டுங்க, தங்காட்டி இத்தனை வருசத்துல இவ்வளவு தொகைன்னு சொன்னா அது டைம்ஷேர் கிடையாது, முதலீட்டுத் திட்டம், அதுக்கு பங்குச் சந்தை, முதலீடுகளைக் கட்டுப்படுத்துற செபியோட அனுமதி வேணும். பான்கார்டு கிளப்ஸ்னு ஒரு கம்பெனி ஹோட்டல் ரூம் நாளுங்கிற பேர்ல நாடு பூரா வசூல் பண்ணி, 2016ல செபி 7,000 கோடிக்கு மேல திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 50 லட்சம் பேருக்கு மேல பணம் போட்டவங்க. எனக்கு தெரிஞ்சு இதுல ரெண்டாவது யோசனைக்கு எடமே இல்ல, வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க.

ஏற்கனவே வாங்கிட்டோம், இப்ப ரிசார்ட் பூட்டியிருக்கு

மொதல்ல பராமரிப்புக் கட்டணத்தைக் கோவத்துல சட்டுன்னு நிறுத்திராதீங்க, அதைக் காரணம் காட்டி மெம்பர்ஷிப்பை ரத்து பண்ற பத்தி அக்ரிமெண்ட்ல இருக்கும். எழுத்துல கேளுங்க, என்ன காரணத்துக்காக மூடியிருக்கு, எப்ப திறக்கும், மாத்து இடம் எங்க, இந்த வருசக் கட்டணத்துல எவ்வளவு கழிப்பீங்கன்னு. நகராட்சிக்கு ஆர்டிஐ போட்டு சீல் வச்ச உத்தரவு நகலை வாங்குங்க, அந்த ஒரு பேப்பர் கையில இருந்தா கேஸு பாதி முடிஞ்ச மாதிரி, ஏன்னா ‘பராமரிப்புப் பணிக்காக மூடியிருக்கோம்’னு கம்பெனி அதுக்கப்பறம் சொல்ல முடியாது.

பதில் வரலைன்னா 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிவு பண்ணுங்க, சில கம்பெனிங்க அதுலயே எறங்கி வந்துரும். வரலைன்னா மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம். அக்ரிமெண்ட்ல ‘மும்பை கோர்ட்டு மட்டும்’, ‘ஆர்பிட்ரேஷன் மட்டும்’னு, அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவர் வச்சுத்தான் தீத்துக்கணும்னு போட்டிருக்கேன்னு பயந்து விட்றாதீங்க. 2019ம் வருச நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்க ஊர்லயே புகார் குடுக்கலாம், ஆர்பிட்ரேஷன் பத்தி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே தெளிவா சொல்லிருச்சு. நீங்க கட்டுன தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது, 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், இ-ஜாக்ருதி தளத்துல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம். ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், அதுதான் முக்கியம். நாளைக்குத் தர்றோம் அடுத்த மாசம் தர்றோம்னு இழுக்கிறதே அந்த ரெண்டு வருசத்தைத் தாண்ட வைக்கத்தான்.

வாங்குனவங்க கிளம்புறதுக்கு முன்னாடி

மெம்பர்னா கொடைக்கானல் உள்ளூர்க்காரர் ஆயிர மாட்டோம், இதைப் பல பேர் தெரியாம மலை ஏறிர்றாங்க. 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துருச்சு, ஐகோர்ட் உத்தரவு. சொந்த வண்டியில போனா எடுத்தே ஆகணும், ரிசார்ட் புக்கிங் காட்டுனா விட்றமாட்டாங்க. கவர்மெண்ட் பஸ்ல போறவங்களுக்குத் தேவையில்ல, ஆரப்பாளையத்துல ஏறுனா நேரா கொண்டு போய் விட்டுரும். 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு வரம்பும் வச்சாங்க. இந்த மாதிரி சீசனுக்கு சீசன் உத்தரவு மாறும், அதனால ரூம் நாள் கிடைச்ச அன்னைக்கே பாஸையும் பாத்துருங்க, பாஸ் கிடைக்காம வாரம் வீணாப் போனா கம்பெனி அந்த வாரத்தை மாத்திக் குடுக்குமாங்கிறதையும் முன்னாடியே மெயில்ல கேட்டு வச்சுக்கங்க. 5 லிட்டருக்குக் கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மேல கொண்டு போகக்கூடாது, புடிச்சா பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரி வாங்குவாங்க, வீட்ல இருந்தே எவர்சில்வர் பாட்டில்ல கொண்டு போயிருங்க.

இன்னொன்னு, வாங்கி கொஞ்ச வருசம் ஆனவங்களுக்கு ஒரு போன் வரும். உங்க டைம்ஷேரை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கு, ஜிஎஸ்டியையும் டிரான்ஸ்பர் ஃபீஸையும் மட்டும் முதல்ல நீங்க கட்டிருங்க, பணம் வந்ததும் சேத்துத் தர்றோம்னு. உங்க மெம்பர்ஷிப் நம்பர், வாங்குன தேதி எல்லாம் கரெக்டா சொல்வாய்ங்க, அதனாலதான் நம்பிர்றோம். வாங்குறவர் இருந்தா அவருதான் பணம் தரணும், விக்கிறவர் முன்பணம் கட்டுற வியாபாரம் உலகத்துல கிடையாது. அந்த மாதிரி கட்டிட்டீங்கன்னா யோசிக்காம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணம் போன அக்கவுண்டை முடக்க முடியும், அப்பறம் பேங்குக்கும் எழுதிக் குடுங்க.